32,500 ரூபாய் கார்டா, 39,500 ரூபாய் கார்டா: எது மலிவு?

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கல்லூரி மாணவன். மூன்று வருடத்துக்கு முன் கட்டிய கணினி வைத்திருக்கிறேன். ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 75 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. புதிய விளையாட்டுகள் ஓடவேண்டும். புதிய கார்டுக்குக் கேட்டு வைத்திருக்கும் விலைகள்: என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி 32,500, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 39,500, இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி 27,500, ஒருவர் பயன்படுத்திய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 17,000. கொடுக்கிற காசுக்கு எது சரி? பாண்டியில் வாங்கினால் வரி குறையுமா?

பதில்:

தம்பி, பதில் நீளமாகப் போகும், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்டை நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் பட்டியலில் மலிவானது 39,500 ரூபாய் 9060 எக்ஸ்டி 16 ஜிபிதான். அவ்வளவு போட முடியாது என்றால் பழைய 3060, அதுவும் நேரில் ஓட்டிப் பார்த்த பிறகு. 32,500 கொடுத்து 8 ஜிபி கார்டை உங்கள் பி450 போர்டில் மாட்டுவதை மட்டும் வேண்டாம் என்பேன். ஏன் என்பதற்குத்தான் இத்தனை நீளம்.

முதலில் பாண்டி விஷயத்தை முடித்துவிடலாம். நான் லாஸ்பேட்டையில் இருக்கிறேன். உறவினர்கள், நண்பர்கள் என்று கணினி கட்டிக்கொடுக்க ஆரம்பித்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கேள்வி கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி இருந்த காலத்தில் பாண்டியில் பல சாமான்களுக்கு வரி குறைவு என்பது உண்மைதான். டிவி, ஃபிரிட்ஜ் வாங்கக்கூட கடலூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு அது முடிந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்கு இந்தப் பக்கமும் 18%, அந்தப் பக்கமும் 18%. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால்தான் அவற்றில் மட்டும் இன்னும் வித்தியாசம் தெரிகிறது. பாண்டியில் ஒரு கடை குறைத்துக் கொடுக்கிறது என்றால் அது கடைக்காரர் தன் லாபத்தில் குறைப்பது. இல்லையென்றால் பில் இல்லாமல் கொடுப்பது. 39,500 ரூபாய் கார்டில் வரி மட்டுமே சுமார் 6,000 ரூபாய். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால் அந்த 6,000-தான் பேசுகிறது. அதற்கு ஆசைப்படாதீர்கள். மூன்று வருட வாரண்டியைக் கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது பில்லைத்தான்.

உங்களுக்குச் சொன்ன விலைகள் நியாயமானவையா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. கார்டின் அமெரிக்க அறிமுக விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரி சேர்ந்திருக்காது. டாலரை 90 ரூபாய் என்று வைத்துப் பெருக்கி, அதன் மேல் 18% போடுங்கள். 5060-இன் அறிமுக விலை 299 டாலர், அது சுமார் 31,750 ரூபாய் வரும். 9060 எக்ஸ்டி 16 ஜிபி 349 டாலர், சுமார் 37,050. பி580 249 டாலர், சுமார் 26,450. இதற்கு மேல் ஐந்தாறு சதவீதம் வரை போனால் சரி என்று எடுத்துக்கொள்வேன். பத்து, பதினைந்து சதவீதம் என்றால் அடுத்த கடையில் கேட்பேன். உங்கள் விலைகளில் 5060 கிட்டத்தட்ட அசல் விலையிலேயே இருக்கிறது. 9060 எக்ஸ்டி ஆறரை சதவீதம் மேலே. பேசினால் ஒரு ஆயிரம் குறையலாம். நினைவகச் சில்லுகளின் விலை 2025 கடைசியில் ஏறத் தொடங்கியதிலிருந்து 16 ஜிபி கார்டுகளின் விலை ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதனால் வாங்கும் அன்று காலையில் ஒருமுறை போன் போட்டுக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்டுகளை ஒப்பிடும்போது எல்லோரும் செய்வது ஒரு வகுத்தல். பத்துப் பதினைந்து விளையாட்டுகளில் கிடைத்த சராசரி எஃப்பிஎஸ்ஸை (வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்ணை) எடுப்பார்கள், விலையை அதால் வகுப்பார்கள், ஒரு ஃபிரேமுக்கு இத்தனை ரூபாய் என்று வரும். தவறான கணக்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று, அந்தச் சோதனைகளைப் பெரும்பாலும் மிக விலையுயர்ந்த புராசஸரிலும் புதிய போர்டிலும் செய்கிறார்கள். உங்கள் கணினியில் அல்ல. இரண்டு, சராசரி என்பது தடுமாற்றத்தை மறைத்துவிடும். ஒரு நிமிடம் முழுக்க 80 எஃப்பிஎஸ் ஓடி, நடுவில் நாலு இடத்தில் அரை வினாடி நின்று போனாலும் சராசரி 77 என்று அழகாகத்தான் காட்டும். விளையாடுகிறவனுக்கு நினைவில் நிற்பது அந்த நாலு இடம்தான். அதனால் சராசரிக்குப் பக்கத்தில் 1% லோ என்று ஒரு எண் கொடுப்பார்கள். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகம் அது. ஒப்பீடு எதைப் பார்த்தாலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். சராசரிக்கும் அதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தக் கார்டு எங்கோ மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

8 ஜிபி கார்டுகள் மூச்சு வாங்கும் இடம் வி-ரேம். விளையாட்டின் டெக்ஸ்சர்கள் (சுவர், முகம் போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்கள்), ரே டிரேசிங்குக்கு (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடுவது) வேண்டிய தரவு, ஃபிரேம் ஜெனரேஷனுக்கு (நடுநடுவே செயற்கை ஃபிரேம்களைச் சேர்ப்பது) வேண்டிய இடம் எல்லாம் கார்டின் மேல் இருக்கும் அந்த நினைவகத்தில்தான் உட்கார வேண்டும். 5060-இல் அந்த நினைவகம் ஜிடிடிஆர்7 வகை. வினாடிக்கு 448 ஜிபி வேகத்தில் சில்லுக்குத் தரவைக் கொடுக்கும், நல்ல வேகம். ஆனால் 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் உங்கள் கணினியின் ரேமுக்குப் போய்விடும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) வழியாக எடுத்துவர வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது புளி வாங்கத் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் போய்வருவது மாதிரிதான் அது.

உங்கள் போர்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தக் கடைத்தெருவுக்குப் போகும் சாலையின் அகலத்தைப் போர்டுதான் முடிவு செய்கிறது. பி450 போர்டு பிசிஐஇ மூன்றாம் தலைமுறை. அதில் ஒரு லேனுக்கு, அதாவது சாலையின் ஒரு வழிக்கு, வினாடிக்குக் கிட்டத்தட்ட 1 ஜிபி. கார்டு செருகும் ஸ்லாட்டில் 16 லேன் இருக்கிறது. ஆனால் 5060 கார்டு பயன்படுத்துவது அதில் 8 மட்டும். 4060-உம் அப்படித்தான், பி580-உம் அப்படித்தான், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 7600 இரண்டும் அப்படித்தான். புதிய போர்டில் ஐந்தாம் தலைமுறை பிசிஐஇ இருந்தால் அதே 8 லேன் வினாடிக்கு 32 ஜிபி அளவுக்குக் கொண்டுவரும். உங்கள் போர்டில் அதே கார்டுக்குக் கிடைப்பது 8 ஜிபி. 448 எங்கே, 8 எங்கே!

இதை நேரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். ஒரு ஃபிரேமுக்கு அது கொடுக்கும் நேரம் 13 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். ஒரு புதிய தெருவுக்குள் உங்கள் பாத்திரம் ஓடுகிறது, 400 எம்பி டெக்ஸ்சர் வெளியே இருந்து வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி வேகத்தில் அது வர 50 மில்லி செகண்டு. கிட்டத்தட்ட நாலு ஃபிரேம் காணாமல் போகும். திரை ஒரு கணம் வெட்டி இழுக்கும். சில விளையாட்டுகள் இப்படி வெட்டி இழுக்காமல் வேறொரு வேலை செய்யும்: டெக்ஸ்சரை மங்கலாகவே வைத்துவிடும். எஃப்பிஎஸ் எண் அப்படியே இருக்கும், சுவரும் முகமும் மட்டும் களிமண் பூசியது போல இருக்கும். இந்த வகையை வெறும் எஃப்பிஎஸ் பட்டியலில் கண்டுபிடிக்கவே முடியாது, கண்ணால்தான் பார்க்க முடியும்.

9060 எக்ஸ்டி இரண்டு காரணத்தால் இதில் தப்பிக்கிறது. ஒன்று, 16 ஜிபி இருப்பதால் ஃபுல் எச்டியில் வெளியே போகவேண்டிய தேவையே அநேகமாக வராது. இன்னொன்று, அந்தக் கார்டு 16 லேனையும் பயன்படுத்துகிறது. உங்கள் பழைய போர்டிலும் அதற்கு வினாடிக்கு 16 ஜிபி சாலை கிடைக்கும். அதன் சொந்த நினைவகம் ஜிடிடிஆர்6, வினாடிக்கு 320 ஜிபி. 5060-ஐவிட மெதுவானதுதான். இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி 5060 மேல் என்று கடையில் சொல்வார்கள். வேகமான சின்ன அலமாரியைவிட கொஞ்சம் மெதுவான பெரிய அலமாரி உங்கள் வீட்டுக்கு உதவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 9060 எக்ஸ்டி என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அதன் அறிமுக விலை 299 டாலர். 5060 டிஐ-யிலும் இதே கதை, 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். பெட்டியின் முகப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இதற்கு முன்பு 3060-க்கு 8 ஜிபி வகை ஒன்று வந்தது. அதில் நினைவகம் மட்டும் குறையவில்லை, பஸ் (நினைவகத்துக்கும் சில்லுக்கும் நடுவே இருக்கும் பாதை) அகலமும் 192 பிட்டிலிருந்து 128-ஆகக் குறைந்துவிட்டது. பெயர் அதே 3060. இப்படிப் பெயர் வைப்பது வாங்குபவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். போனில் விலை கேட்கும்போது "9060 எக்ஸ்டி என்ன விலை" என்று கேட்காதீர்கள். "9060 எக்ஸ்டி 16 ஜிபி என்ன விலை" என்று முழுசாகக் கேளுங்கள், பில்லிலும் 16 ஜிபி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது வருடத்தைச் சேர்த்துக் கணக்குப் போடலாம். என் கையில் வந்துபோன கார்டுகளைப் பார்த்தால், வேகம் போதாமல் மாற்றியவை குறைவு. வி-ரேம் போதாமல் மாற்றியவைதான் அதிகம். வேகம் குறைந்தால் செட்டிங்கை ஒரு படி இறக்கி இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். நினைவகம் போதாவிட்டால் டெக்ஸ்சரைத்தான் இறக்கவேண்டும். கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். 5060-ஐ மூன்று வருடத்தில் மாற்றவேண்டி வந்தால் மாதத்துக்கு 900 ரூபாய். 9060 எக்ஸ்டி ஐந்து வருடம் வந்தால் மாதத்துக்கு 660 ரூபாய். மூன்றும் ஐந்தும் என் கணிப்பு, உங்கள் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையுமே ஐந்து வருடம் வைத்திருந்தாலும் அந்த 7,000 ரூபாய் வித்தியாசம் மாதத்துக்கு 117 ரூபாய்தான்.

என்விடியா பக்கம் நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். டிஎல்எஸ்எஸ் இன்றும் அதிக விளையாட்டுகளில் இருக்கிறது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் அந்தத் தொழில்நுட்பம், ஃபுல் எச்டியில்கூட நன்றாக இருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவித்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது, அது அந்த நிறுவனம் செய்த நல்ல காரியம். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் முன்பெல்லாம் புல், கம்பி வேலி, தலைமுடி இதிலெல்லாம் நடுங்கும். 9000 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டது. ஆனால் அது இருக்கும் விளையாட்டுகள் குறைவு. நீங்கள் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர், வீட்டுக் கணினியிலேயே ஏஐ மாடல்கள் ஓட்டிப் பழக நினைப்பவர் என்றால் என் பதிலே மாறிவிடும். அங்கே மென்பொருள் உலகம் முழுக்க என்விடியாவின் குடா (CUDA) என்ற மென்பொருள் தளத்தைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறது. அப்போது இன்னும் ஆறு மாதம் சேர்த்துவைத்து 5060 டிஐ 16 ஜிபி வாங்கச் சொல்வேன். கேள்வியில் விளையாட்டு மட்டும்தான் இருக்கிறது, அதனால் 9060 எக்ஸ்டி.

ஃபிரேம் ஜெனரேஷன் பற்றிக் கடையில் உங்களிடம் நிச்சயம் பேசுவார்கள். "நாலு மடங்கு எஃப்பிஎஸ்" என்பார்கள். 5060 இருக்கும் 50 வரிசையில் ஒரு உண்மையான ஃபிரேமுக்கு மூன்று செயற்கை ஃபிரேம் சேர்க்க முடியும் என்பது சரிதான். உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். நாலு மடங்காக்கி 75-ஐ எட்டவேண்டும் என்றால் அடியில் ஓடும் உண்மையான வேகம் 19 எஃப்பிஎஸ். மவுஸைத் திருப்பினால் விளையாட்டு பதில் சொல்வது அந்த 19-இன் வேகத்தில்தான். படம் வழவழப்பாகத் தெரியும், கை மட்டும் சேற்றில் இருப்பது போல இருக்கும். அடிப்படை வேகம் 60-க்குப் பக்கத்தில் இருக்கும்போது, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலான மானிட்டரில்தான் அது பயன்படும். அதுபோக, ஃபிரேம் ஜெனரேஷனுக்கே வி-ரேம் தேவை. 8 ஜிபி கார்டில் இடம் இல்லாத நேரத்தில் அது இன்னும் இடம் கேட்கும்.

மானிட்டரைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புதிய விளையாட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள், எவை என்று எழுதவில்லை. உண்மையில் மாலையில் நண்பர்களோடு ஓடுவது வேலரண்ட் மட்டும்தான் என்றால் கார்டே வேண்டாம் தம்பி. அது புராசஸரை நம்பும் விளையாட்டு, உங்கள் 1650-லேயே 100 எஃப்பிஎஸ் தாண்டும். நல்ல 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்குங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். பெரிய கதை விளையாட்டுகள்தான் வேண்டும் என்றால் 1650 நிச்சயம் போதாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதில்லை. 1650-இல் அது கிடையாது. அந்த இண்டியானா ஜோன்ஸில் 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் டெக்ஸ்சர் அளவைக் குறைத்துத்தான் ஓட்டவேண்டியிருந்தது. வருகிற விளையாட்டுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதற்கு இது ஒரு அடையாளம்.

பி580 பற்றிச் சுருக்கமாக. 12 ஜிபி, 192 பிட் பஸ், 27,500 ரூபாய் என்று காகிதத்தில் பார்த்தால் இதுதான் மலிவு. ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) புராசஸரிடமிருந்து அதிக வேலை வாங்குகிறது. 2025 தொடக்கத்தில் பலர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வேகமான புராசஸரில் 4060-ஐ முந்திய அதே கார்டு, ரைசன் 5 5600 மாதிரியான புராசஸரில் சில விளையாட்டுகளில் பின்தங்கியது. உங்களிடம் இருப்பது அதே 5600. இன்டெல் டிரைவரைத் திருத்திக்கொண்டே வருகிறது, பாராட்டவேண்டிய உழைப்புதான். இருந்தாலும் உங்கள் கணினிக்கு இது ஜோடி சேராது. புதிய புராசஸர் வைத்திருக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பி580-ஐ இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கியிருக்கமாட்டேன்.

பழைய 3060-க்கு வருகிறேன். 2021 பிப்ரவரியில் வந்த கார்டு. வேகத்தில் 5060-ஐவிட நன்றாகவே பின்னால். ஆனால் 12 ஜிபி, 192 பிட், 16 லேன். உங்கள் போர்டுக்கு இது பொருந்துகிற அளவுக்கு 5060 பொருந்தாது. டிஎல்எஸ்எஸ் பெரிதாக்கல் இதில் வேலை செய்யும், என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் செய்யாது. 17,000 ரூபாய்க்கு ஃபுல் எச்டியில் மீடியம், ஹை செட்டிங்கில் இரண்டு மூன்று வருடம் தாராளமாக ஓடும்.

பயம் ஒன்றுதான், அது எங்கே இருந்து வந்த கார்டு என்பது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி மெய்நிகர் நாணயம் சம்பாதிப்பது) முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அந்தச் சமயத்தில் நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. வீட்டில் அரை மணி நேரம் ஓடியதும் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. நினைவகத்தின் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்து தூளாகியிருந்தது. பேடை மாற்றி, ஒரு ஃபேனையும் மாற்றியபின் சரியாயிற்று, ஆனால் மிச்சப்படுத்தியதில் பாதி அதற்கே போனது. அதனால் விற்பவர் வீட்டிலேயே குறைந்தது இருபது நிமிடம் ஏதாவது கனமான விளையாட்டை ஓட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப்போங்கள். 12 ஜிபி, 192 பிட் என்று காட்டுகிறதா பாருங்கள். பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றிப் பெயரை ஏமாற்றிய கார்டு என்றால் பெயருக்கு முன்னால் போலி என்றே அது காட்டிவிடும். ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், எல்லா டிஸ்பிளே போர்ட்டிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். அப்புறம், ஆன்லைனில் நம்பமுடியாத விலைக்குப் புத்தம் புதிய ஆர்எக்ஸ் 580 என்று வருவதில் பல 2048எஸ்பி என்ற வகை. அசல் 580-இல் 2304 ஷேடர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), இதில் 2048. பெயர் 580, உள்ளே இருப்பது 570. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

பழைய கார்டாக இருந்தால் நம் ஊரில் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: துரு. கார்டின் பின்பக்கத் தகடு, திருகுகள், எச்டிஎம்ஐ வாயின் உள்பக்கம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்று வீட்டுக்குள் வரும் இடங்களில் இரண்டே வருடத்தில் தகடு பழுப்பாகிவிடும். தேவனாம்பட்டினத்தில் என் உறவினர் வீட்டில் கார்டு பழுதானபோது வாரண்டி இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. சென்னைக்கு அனுப்பினோம். தகட்டில் துரு இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழுதுக்கும் துருவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. அதிலிருந்து கடலோரத்தில் யாருக்குக் கணினி கட்டினாலும் சொல்வது இதுதான்: கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள், மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைக்காதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் ஓடும் கணினி அந்தச் சூட்டிலேயே உலர்ந்து இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளோயரால் தூசியை ஊதிவிடுங்கள். உப்பு படிந்த தூசிதான் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

கேபினெட்டைத் தரையில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகரில் நண்பர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மேசைமேல் இருந்த மானிட்டர் பிழைத்தது, மேசைக்கு அடியில் இருந்த கணினி போய்விட்டது. தென்பெண்ணை வெள்ளம் அடுத்த நாட்களில் கடலூரை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் வீண். கேபினெட்டோடு சும்மா வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்பது பெரும்பாலும் ஸ்டிக்கரில் மட்டும்தான் 450. 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட் எடுக்கும் கார்டு, 5600 முழு வேகத்தில் 76 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டுக்குள் அடங்கும். கணக்கில் இடம் இருக்கிறது. ஆனால் கார்டுகள் கண நேரத்துக்கு அதைவிட அதிகமாக இழுக்கும், அந்தச் சமயத்தில் தரமில்லாத எஸ்எம்பிஎஸ் கைவிட்டுவிடும். நம் பக்கம் கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது வோல்டேஜ் எப்படி ஆடும் என்று தெரியும். 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்று பெற்ற ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை நல்ல நிறுவனத்துடையதாக வாங்கிவிடுங்கள், 4,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகும். வீட்டில் யுபிஎஸ் 600 விஏ என்றால் அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். கரண்ட் போனால் உடனே விளையாட்டை மூடிவிட வேண்டும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். 5060-க்கும் இதற்கும் 15 வாட்தான் வித்தியாசம், தினம் மூன்று மணி நேரம் ஆடினாலும் இரண்டு மாத பில்லில் மூன்று யூனிட்கூட வராது.

ஆக, கார்டு 39,500, எஸ்எம்பிஎஸ் 4,000, மொத்தம் 43,500. உங்களிடம் 40,000. உங்கள் 1650 நல்ல நிலையில் இருந்தால் விற்று அந்த இடைவெளியை அடைத்துவிடலாம். 1650-களில் பல, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி மின்சார இணைப்பு கேட்காத 75 வாட் கார்டுகள் என்பதால், அலுவலகக் கணினியில் போட்டுக்கொள்ள யாராவது வாங்கிக்கொள்வார்கள். விற்க முடியவில்லை, வீட்டிலும் மேலே கேட்க முடியாது என்றால் பழைய 3060-உம் புது எஸ்எம்பிஎஸ்ஸும் 21,000-க்குள் முடிந்துவிடும். மிச்சம் 19,000-ஐ அப்படியே வைத்திருங்கள்.

9060 எக்ஸ்டி வாங்கினால் மாட்டுவதற்கு முன் மூன்று வேலை. 1650 இருக்கும்போதே போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள், யுபிஎஸ் சார்ஜில் இருக்கும்போது மட்டும். பழைய என்விடியா டிரைவரை டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு முழுவதும் நீக்குங்கள். கேபினெட்டுக்குள் ஸ்கேல் வைத்து நீளம் அளந்து பாருங்கள். 160 வாட் கார்டுக்கு இரண்டு ஃபேன் போதும், மூன்று ஃபேன் மாடலுக்கு மேலே இரண்டாயிரம் கொடுக்காதீர்கள். கார்டை மாட்டியபின் பயாஸில் ரீசைசபிள் பார் (புராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா, ஜிபியு-இசட்டில் 16 லேன் காட்டுகிறதா என்று பாருங்கள். 8 என்று காட்டினால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது தவறான ஸ்லாட்டில் இருக்கிறது. கழற்றி மேல் ஸ்லாட்டில் மறுபடி அழுத்தி மாட்டுங்கள். முதல் வாரத்திலேயே கனமான விளையாட்டுகளை நீண்ட நேரம் ஓட்டிவிடுங்கள், ஏதாவது கோளாறு இருந்தால் அது கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் வெளியே வந்துவிடும். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், கடை பில்லின் மை ஒரே வருடத்தில் மங்கிவிடுகிறது.